கிறிஸ்தவங்க குடிக்கலாமா? பைபிள் என்னதான் சொல்லுது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க சபை வாலிபர் கூட்டத்துல பத்து வருஷத்துக்கு மேல பைபிள் ஸ்டடி எடுக்குறேன். பேரு போடாம கேள்வி எழுதி போட ஒரு டப்பா வச்சிருக்கோம், அதுல காதலுக்கு அடுத்தபடியா அதிகமா வர்ற சீட்டு குடியைப் பத்திதான், அதுலயும் கிறிஸ்மஸ் நியூ இயர் முடிஞ்சு ஜனவரி முதல் வாரம் டப்பாவ தொறந்தா பாதி அதுவாத்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் வாயால சொல்லி அலுத்துப் போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு.

முதல்லயே சொல்லிடுறேன், நான் குடிக்கிறதில்ல. ஆனா "குடிக்கவே கூடாதுன்னு பைபிள்ல ஒரு கட்டளை இருக்கு, அதனால குடிக்கல"ன்னு நான் சொன்னா அது பொய். குடிக்கிறவன் ஒரு வசனத்தை பிடிச்சு இழுக்குறான், குடிக்காதவன் இன்னொரு வசனத்தை பிடிச்சு இழுக்குறான், நடுவுல வேதம் கிழிஞ்சு போகுது.

பைபிள்ல "மது குடிக்காதே"ன்னு நேரடியா இருக்கா இல்லையா?

எல்லாருக்கும் பொதுவா இல்ல. சில ஆட்களுக்கு இருக்கு. ஆசாரியர்கள் ஆசரிப்புக்கூடாரத்துக்குள்ள போகும்போது குடிக்கக்கூடாது (லேவியராகமம் 10:9). நசரேய விரதம் (கர்த்தருக்குன்னு தன்னை தனியா ஒதுக்கி வைக்கிற விரதம்) எடுத்தவங்க மது மட்டுமில்ல, திராட்சப்பழத்தையே தொடக்கூடாது (எண்ணாகமம் 6). சிம்சோனோட அம்மாவுக்கு கர்ப்பமா இருக்கும்போது வேண்டாம்னு தூதன் சொல்றான். யோவான் ஸ்நானகன் குடிக்கல. ராஜாக்கள் குடிச்சா நியாயத்தை மறந்துடுவாங்கன்னு நீதிமொழிகள் 31-ல ஒரு அம்மா மகனுக்கு புத்தி சொல்றாங்க.

ரேகாபியர்னு ஒரு கூட்டம் உண்டு, எரேமியா 35. மதுவிலக்கு பிரசங்கம்னா நம்ம ஊருல இவங்கதான் ஹீரோ. ஆனா அந்த அதிகாரத்தை முழுசா வாசிச்சு பாருங்க, அவங்க முன்னால குடம் நிறைய திராட்சரசத்தை வைக்கச் சொன்னதே கர்த்தர்தான், அவங்க "எங்க தகப்பன் யோனதாப் வேண்டாம்னு சொல்லியிருக்கார்"னு மறுத்துட்டாங்க. அதே யோனதாப் வீடு கட்டாதே, விதை விதைக்காதே, கூடாரத்துலயே இருன்னும் சொல்லியிருக்கார். தகப்பன் பேச்சை கேட்டாங்களே, அதைத்தான் அங்க கர்த்தர் பாராட்டுறார். இத வச்சு எல்லாருக்கும் சட்டம் போடணும்னா, கான்கிரீட் வீடு கட்டுனவங்க எல்லாரும் முதல்ல இடிக்கணும்.

வெறிக்க குடிக்கிறது? அது தப்புன்னு ஆதியாகமத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே குரல். அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது.

கானாவூர் கல்யாணத்துல இயேசு பண்ணுனது ஒயினா, கிரேப் ஜூஸா?

இதுதான் நம்பர் ஒன் கேள்வி. ஒரு கல்யாண வீட்டுல திராட்சரசம் தீந்து போனப்ப இயேசு தண்ணியை திராட்சரசமா மாத்துனாரே (யோவான் 2), அந்தக் கதை. இதுல நமக்கு, அதாவது தமிழ்ல பைபிள் வாசிக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு தனி குழப்பம் இருக்கு. நம்ம பைபிள்ல இருக்குற வார்த்தை "திராட்சரசம்". நம்ம காதுக்கு ரசம்னா சாறு, பழரசம். அதனால ஜூஸ்னு சொல்றவருக்கு பாதி வேலையை மொழிபெயர்ப்பே செஞ்சு குடுத்துடுது. மூலத்துல கிரேக்கத்துல அங்க இருக்குறது "ஒய்னோஸ்", ஒயின்தான். எபேசியர் 5:18-ல "மதுபான வெறிகொள்ளாமல்"னு வருதே, அங்கயும் அதே ஒய்னோஸ்தான். ஒரே வார்த்தை, கல்யாண வீட்டுல வந்தா திராட்சரசம், எச்சரிக்கை பண்ற இடத்துல வந்தா மதுபானம். மொழிபெயர்த்தவங்களை நான் குத்தம் சொல்லல, நல்ல மனசோடதான் பண்ணியிருப்பாங்க, ஆனா படிக்கிறவனுக்கு இது ரெண்டும் வேற வேற பொருள்னு தோணிடுது.

கிரேக்கம் எல்லாம் வேண்டாம்னா தமிழ் பைபிள்லயே பாருங்க. நோவா "திராட்சரசத்தைக் குடித்து, வெறிகொண்டு" கூடாரத்துல துணி விலகி கிடந்தான்னு ஆதியாகமம் 9:21 சொல்லுது. ஜூஸ் குடிச்சு யாராவது அப்படி விழுவாங்களா? நீதிமொழிகள் 20:1 "திராட்சரசம் பரியாசஞ்செய்யும், மதுபானம் அமளிபண்ணும்". பழச்சாறு யாரையும் பரியாசம் பண்ணாது.

இன்னொண்ணு, பனங்காட்டு ஊர்க்காரங்களுக்கு சட்டுனு புரியும். கலயத்துல உள்பக்கம் சுண்ணாம்பு தடவி கட்டுனா பதநீர், எங்க பக்கம் அக்கானின்னு சொல்லுவோம். சுண்ணாம்பு தடவாம கட்டுனா விடியும்போது அது கள். யாரும் அதுல ஒண்ணும் ஊத்த வேண்டாம், காத்துலயும் கலயத்துலயும் இருக்குற ஈஸ்ட் அதுபாட்டுக்கு வேலையை பாத்துடும். திராட்சையும் அப்படித்தான், மிதிச்சு பிழிஞ்சு வச்சா ரெண்டு மூணு நாள்ல நுரைச்சு பொங்கும். பாலஸ்தீனத்துல திராட்சை அறுப்பு ஆகஸ்ட் செப்டம்பர் வாக்குல, பஸ்கா (யூதர்களோட பண்டிகை) மார்ச் ஏப்ரல்ல. ஃபிரிட்ஜ் இல்லாத ஊருல ஆறேழு மாசம் ஜூஸ் ஜூஸாவே இருக்காது. கானாவூர் கல்யாணமும் பஸ்காவுக்கு கொஞ்சம் முன்னாலதான் நடக்குது (யோவான் 2:13).

பந்திவிசாரிப்புக்காரன் பேசுறதும் ஒயின் பேச்சுதான். நல்லதை முதல்ல குடுப்பாங்க, ஜனங்க குடிச்ச பிறகு மட்டமானதை இறக்குவாங்கன்னு சொல்றான். தமிழ்ல "திருப்தியடைந்தபின்பு"ன்னு இருக்கு, கிரேக்கத்துல போதை ஏறுன பிறகுங்கிற அர்த்தத்துலயே இருக்கு. ஜூஸுக்கு எவன் அந்த கணக்கு போடுவான். இயேசுவையே "போஜனப்பிரியனும் மதுபானப்பிரியனும்"னு ஊர் ஏசுனதா லூக்கா 7:34-ல அவரே சொல்றார். ஜூஸ் குடிக்கிற ஆளை யாரும் அப்படி ஏச மாட்டாங்க.

ஆக அது ஒயின். கல்யாண வீட்டுல அளவு கம்மியும் இல்ல, 6 கற்சாடி, ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு குடம், இன்னைக்கு கணக்குல எல்லாம் சேத்தா 500 லிட்டர் பக்கம் வரும். ஒரு வாரம் நடக்குற ஊர் கல்யாணம்.

அப்போ இயேசுவே குடுத்திருக்கார்ல, நாமளும் அடிக்கலாமே பிரதர்?

இதைக் கேக்குறவங்க முகத்துல ஒரு சிரிப்பு இருக்கும் பாருங்க. சரி, கணக்கு போடுவோம். அந்தக் காலத்து ஒயின் நல்லா புளிச்சதா இருந்தாலும் 12 சதவீதம் ஆல்கஹால் பக்கம். அதையும் அப்படியே குடிக்கிறது நாகரிகம் இல்லாத பழக்கம்னு கிரேக்க ரோம உலகத்துல நினைச்சாங்க, தண்ணி கலந்துதான் குடிச்சாங்க. யூதர்கள்கிட்டயும் அது இருந்துச்சு, கத்தோலிக்க பைபிள்ல இருக்குற 2 மக்கபேயர் கடைசி அதிகாரத்துல வெறும் ஒயின் நல்லதில்ல, தண்ணி கலந்தா இனிமைன்னு ஒரு வரி வருது. ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணின்னு வச்சா 3 சதவீதம்.

நம்ம ஊர் குவாட்டர் 180 மில்லி, அதுல 42.8 சதவீதம். சுத்த ஆல்கஹால் மட்டும் 77 மில்லி. அந்த 77 மில்லியை கானாவூர்க்காரன் தண்ணி கலந்த ஒயின்ல குடிக்கணும்னா ரெண்டரை லிட்டர் குடிக்கணும். இவன் டாஸ்மாக் வாசல்ல நின்னுக்கிட்டே, ஊறுகாயை நக்கிட்டு, பத்து நிமிஷத்துல முடிச்சிடுறான். காய்ச்சி வடிக்கிற சாராயம், பிராந்தி, விஸ்கி எல்லாம் பைபிள் காலத்துல கிடையாது, பல நூற்றாண்டு கழிச்சு வந்த சமாச்சாரம். பைபிள்ல "மதுபானம்"னு வர்ற இன்னொரு எபிரெய வார்த்தை சேகார், அது பேரீச்சை, தானியம் இதுல புளிக்க வச்சது, வடிச்சது இல்ல. கானாவூர காட்டி குவாட்டருக்கு நியாயம் சொல்றது, எங்க தாத்தா மாட்டு வண்டி ஓட்டுனாருன்னு சொல்லி லைசென்ஸ் இல்லாம லாரி ஓட்டுற மாதிரி.

பவுல் தீமோத்தேயுவை குடிக்கச் சொன்னாரே?

"உன் வயிற்றிற்காகவும்... கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்" (1 தீமோத்தேயு 5:23). அப்போஸ்தலர் பவுல் தன்கூட ஊழியம் செஞ்ச இளைஞர் தீமோத்தேயுவுக்கு எழுதுன கடிதம் இது. கொஞ்சம், வயித்துக்காக. இதுல நான் கவனிக்கிறது வேற விஷயம், தீமோத்தேயு அதுவரைக்கும் வெறும் தண்ணி மட்டும் குடிச்சிக்கிட்டு இருந்திருக்கார், அதை பவுல் தப்புன்னும் சொல்லல. இன்னைக்கு வயித்து வலிக்கு டாக்டர் இருக்கார், மாத்திரை இருக்கு. தினம் ஒரு கிளாஸ் ஹார்ட்டுக்கு நல்லதுன்னு வாட்ஸப்ல வர்றதையும் நம்பாதீங்க, பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில சொல்லிடுச்சு. ஆல்கஹால் கேன்சர் உண்டாக்கும்னு 1988-லயே முதல் வகை லிஸ்டுல சேத்தாச்சு.

தசமபாக காசுல மது வாங்கலாம்னு பைபிள்ல இருக்காமே, உண்மையா?

உண்மை. உபாகமம் 14:26. எருசலேம் ரொம்ப தூரம்னா தசமபாகத்தை (விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு காணிக்கை) வித்து காசாக்கி, அங்க போய் ஆடு மாடு, திராட்சரசம், மதுபானம்னு இஷ்டப்பட்டதை வாங்கி குடும்பமா கர்த்தர் முன்னால சாப்பிட்டு சந்தோஷமா இருங்கன்னு இருக்கு. தசமபாகம் பத்தி வருஷத்துக்கு நாலு பிரசங்கம் கேக்குறோம், இந்த வசனத்தை யாரும் எடுத்து நான் பாத்ததில்ல.

எவ்வளவு குடிச்சா பாவம்? லிமிட்டா குடிச்சா ஓகேவா?

மில்லி கணக்கு பைபிள்ல இல்ல. வெறிங்கிற வார்த்தைதான் இருக்கு. வெறின்னா ரோட்டுல விழுந்து கிடக்குறது மட்டும்னு நம்ம ஆளுங்க நினைச்சுக்கிறாங்க. நீதிமொழிகள் 23-ல கடைசி ஏழு வசனத்தை வாசிங்க, மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி எழுதுனதுன்னு நம்ப முடியாது, நம்ம தெரு முக்குல உக்காந்து எழுதுன மாதிரி இருக்கும். யாருக்கு சண்டை, யாருக்கு காரணமில்லாத காயம், யாருக்கு ரத்தம் கலங்குன கண்ணுன்னு கேட்டுட்டு, மது சிவப்பா பாத்திரத்துல பளபளங்குறதை பாக்காதே, "முடிவிலே அது பாம்பைப்போல் கடிக்கும்"னு சொல்லி, கடைசியில குடிச்சவன் வாயாலயே பேச விடுறான். அடிச்சாங்க, எனக்கு வலிக்கல, எப்ப முழிப்பேன், திரும்ப அதைத் தேடணும். அந்த "திரும்ப அதைத் தேடணும்" இருக்கே, அதுதான் லிமிட் தாண்டுன இடம்.

எங்க சித்தப்பா ஒருத்தர் இருந்தார். சனிக்கிழமை மட்டும், அதுவும் கட்டிங் மட்டும்னு ஆரம்பிச்சவர். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வெள்ளை சட்டை போட்டு முதல் ஆளா வருவார், பாட்டு அவ்வளவு நல்லா பாடுவார். நாப்பத்தெட்டு வயசுல லிவர் போய் வயித்துல தண்ணி கோத்து செத்தார். லிமிட்டுன்னு யாராவது சொன்னா எனக்கு அவர் வெள்ளை சட்டைதான் ஞாபகம் வரும். லிமிட்டா குடிச்சு கடைசி வரைக்கும் நல்லா இருந்தவங்களும் உண்டு, இல்லன்னு சொல்லல, ஆனா நீங்க எந்த லிஸ்டுன்னு ஆரம்பிக்கும்போது தெரியாது, அவருக்கும் தெரியல.

கத்தோலிக்க கோயில்ல ஒயின், நம்ம சபையில ஜூஸ், ஏன் இப்படி?

கத்தோலிக்க திருச்சபை சட்டத்துல திருப்பலிக்கு (அப்பமும் ரசமும் எடுக்குற ஆராதனை, நம்ம பக்கம் திருவிருந்துன்னு சொல்லுவோம்) திராட்சையில இருந்து செஞ்ச இயற்கையான, கெட்டுப்போகாத ஒயின்தான் இருக்கணும்னு விதி, 924-ஆம் எண். ஆல்கஹால் ஒத்துக்காத சாமியாருக்கு புளிச்சும் புளிக்காத திராட்சைச் சாறு பயன்படுத்த ஆயர் அனுமதி குடுக்கலாம்.

ஜூஸ் கதை சுவாரஸ்யமானது. 1869 வரைக்கும் எந்த சபையா இருந்தாலும் பெரும்பாலும் ஒயின்தான், ஏன்னா ஜூஸை கெடாம வைக்க வழியே இல்ல. அந்த வருஷம் அமெரிக்காவுல நியூ ஜெர்சி பக்கம் தாமஸ் வெல்ச்னு ஒரு பல் டாக்டர், மெதடிஸ்ட்காரர், மதுவிலக்குல தீவிரம், திருவிருந்து மேசையில போதை இருக்குறது அவருக்கு உறுத்திச்சு. பாஸ்டர் கண்டுபிடிச்ச சூடாக்குற முறையை (நம்ம பாஸ்டர் இல்ல, பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர்) திராட்சைச் சாறுக்கு பண்ணி பாத்தார், புளிக்கல. அங்கதான் வெல்ச் ஜூஸ் கம்பெனியே ஆரம்பம். திருவிருந்துல ஜூஸ் குடிக்கிறவங்க, அது அப்போஸ்தலர் காலத்து வழக்கம்னு நினைக்க வேண்டாம், 150 வருஷ பழக்கம்தான். கொரிந்து சபையில இராப்போஜனத்துல ஒருத்தன் பசியா இருக்கான், இன்னொருத்தன் வெறியா இருக்கான்னு பவுல் திட்டுறார் (1 கொரிந்தியர் 11:21), அங்க இருந்தது என்னன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. அப்பவும் அவர் ஒயினை ஜூஸா மாத்துங்கன்னு சொல்லல, ஒழுங்கா நடந்துக்கோங்கன்னுதான் சொன்னார்.

நான் ரெண்டையும் மதிக்கிறேன். இரட்சணிய சேனையில (சால்வேஷன் ஆர்மி) திருவிருந்தே கிடையாது, அங்க சேனை வீரரா சேர்றவங்க மதுவை தொட மாட்டோம்னு உறுதி எடுக்கணும். அவங்களும் கிறிஸ்தவங்கதான்.

வெள்ளைக்கார கிறிஸ்தவங்க குடிக்கிறாங்க, நம்ம சபை மட்டும் ஏன் இவ்வளவு ஸ்ட்ரிக்ட்?

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச மார்ட்டின் லூத்தரோட வீட்டம்மா கத்தரீனா வீட்டுலயே பீர் காய்ச்சுனவங்க. பெல்ஜியத்துல டிராப்பிஸ்ட் துறவிங்க இன்னைக்கும் மடத்துல பீர் செஞ்சு வித்து அந்த வருமானத்துல வாழுறாங்க. ஐரோப்பாவுல அது சாப்பாட்டோட சேந்த விஷயம். ஆனா அங்கயும் எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு இல்ல, மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி 1743-லயே தன் ஆட்களுக்கு சாராயம் வாங்காதே, விக்காதே, குடிக்காதேன்னு விதி போட்டார், ரொம்ப அவசியம்னா தவிர. 19-ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து, அமெரிக்காவுல மதுவிலக்கு இயக்கம் பெருசா கிளம்புச்சு, அந்தக் காலத்து மிஷனரிங்க வழியாவும் பிறகு வந்த பெந்தெகொஸ்தே எழுப்புதல் வழியாவும் அது இங்க வந்துச்சு.

வந்தது நிலைச்சதுக்கு காரணம் நம்ம வீடுகள். இங்க யாரும் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் குடிக்கிறதில்ல, போதைக்குன்னே குடிக்கிறாங்க. சம்பள நாள்ல அப்பா எத்தனை மணிக்கு, எப்படி வருவார்னு வாசலை பாத்துக்கிட்டு இருந்த பிள்ளைங்கதான் இன்னைக்கு பாதி சபையில மூப்பர். அவங்ககிட்ட போய் கிரேக்க வார்த்தைக்கு அர்த்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, அவங்க பயம் நியாயமானது. அதே நேரம் அந்த பயத்தை வச்சு வேதத்துல இல்லாததை இருக்குன்னு சொல்ல வேண்டாம், பையன் காலேஜ் போய் ஒரு நாள் தானா படிச்சுப் பாத்துட்டு "நீங்க பொய் சொல்லியிருக்கீங்க"ன்னு எல்லாத்தையும் சேத்து தூக்கி எறிஞ்சிடுவான். ரெண்டு பேரை அப்படி பாத்துட்டேன்.

ஆபீஸ் பார்ட்டியில ஒரு பீர் மட்டும், யாருக்கும் தெரியாம?

யாருக்கும் தெரியாமன்னு சொல்றீங்கல்ல, அங்கயே பதில் இருக்கு. ரோமர் 14 வாசிங்க, நம்ம செய்யுறதால இன்னொருத்தன் இடறுவான்னா விட்டுடுறது நல்லதுன்னு பவுல் சொல்றார், சாப்பாட்டையும் சேத்துதான். அதைவிட இன்னொரு வசனம் நம்ம ஊருக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு, ஆபகூக் 2:15, தோழனுக்கு ஊத்திக் குடுத்து வெறிக்க வைக்கிறவனுக்கு ஐயோன்னு வருது. நம்ம ட்ரீட் கலாச்சாரத்துல "நான் குடிக்க மாட்டேன், ஆனா பில்லு நான் குடுக்குறேன்"னு பெருமையா சொல்றவங்க உண்டு. அவங்க இந்த வசனத்தை ஒரு தடவை பாத்துடுங்க.

குடிகாரன் பரலோகம் போக மாட்டான்னு இருக்கே?

1 கொரிந்தியர் 6:10-ல வெறியர்னு இருக்கு. அதே வரியில பொருளாசைக்காரரும் உதாசினரும் (அடுத்தவங்களை ஏசுறவங்க) இருக்காங்க, அவங்களைப் பத்தி யாரும் சீட்டு எழுதி போடுறதில்ல. அடுத்த வசனத்தையும் வாசிக்கணும், "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள்". இருந்தீர்கள். அவங்க அந்த சபையிலதான் உக்காந்திருந்தாங்க.

எங்க வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறார். உபவாச ஜெபம் பண்றோம். வேற என்ன செய்ய?

ஜெபம் பண்ணுங்கம்மா. கூடவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இது ரொம்ப முக்கியம், பல வருஷமா தினமும் அதிகமா குடிக்கிறவரை திடீர்னு ஒரே நாள்ல நிறுத்த வச்சா உயிருக்கே ஆபத்து. ரெண்டு மூணு நாளுக்குள்ள கை நடுக்கம், ஃபிட்ஸ், இல்லாதது கண்ணுக்கு தெரியுறது, பேத்துறது எல்லாம் வரும். ஒரு இடத்துல (எந்த ஊருன்னு சொல்லல) இதைப் பாத்துட்டு பிசாசு பிடிச்சிருக்குன்னு ரூம்ல பூட்டி வச்சு விடிய விடிய ஜெபிச்சாங்க, நான் போய் சேந்தப்ப அவருக்கு ஃபிட்ஸ் வந்து நாக்கு கடிபட்டு கிடந்தார். ஆஸ்பத்திரியில சேத்து மாத்திரையும் விட்டமின் பி1 ஊசியும் போட்டு நாலு நாள்ல தெளிஞ்சார். பிசாசு இல்ல, உடம்பு.

அடுத்து ஏஏ கூட்டம், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கிற ஊருல ரெண்டு குடிநோயாளிங்க ஒருத்தரை ஒருத்தர் தாங்கிப் பிடிச்சு ஆரம்பிச்சது, ஒரு கிறிஸ்தவ குழுவுல இருந்து வளந்தது, ஆனா எந்த மதக்காரரும் போகலாம், காசு கிடையாது. தமிழ்லயே கூட்டம் நடக்குது. வீட்டுல இருக்குறவங்களுக்கு அல்-அனான்னு தனியா உண்டு, அவர் வரலன்னாலும் நீங்க போகலாம்.

அடிக்கிறார்னா அங்க இருந்து கிளம்புங்க. "பொறுமையா இருங்க, கர்த்தர் பாத்துக்குவார்"னு உங்ககிட்ட யாராவது சொன்னா, சொல்றவர் வீட்டுல ஒரு வாரம் தங்க இடம் குடுப்பாரான்னு கேளுங்க.

குடியை விட்டவர் திருவிருந்துல ஒயின் எடுக்கலாமா?

வேண்டாம். ஒரு சொட்டு பழைய ஆசையை கிளப்பிடும்னு பயப்படுறவர் அப்பம் மட்டும் எடுத்தா போதும். கத்தோலிக்க போதனைப்படி அப்பத்துல மட்டுமே கிறிஸ்து முழுசா இருக்கார். நம்ம பக்கம் ஐயர்கிட்ட (சபை போதகர்) முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிட்டா அவருக்கு தனியா ஜூஸ் வச்சிடுவார்.

சபை மதுவிலக்கு கேட்டு போராடலாமா?

போராடலாம், அரசியலமைப்பு 47-ஆம் பிரிவே அதைத்தான் சொல்லுது. ஆனா சட்டம் மட்டும் போதும்னு நினைக்காதீங்க. ராஜாஜி 1937-ல சேலத்துல தொடங்கினார், 1971-ல எடுத்தாங்க, திரும்ப போட்டாங்க, திரும்ப எடுத்தாங்க, 2003-ல இருந்து சில்லறை கடையையே அரசாங்கம் நடத்துது. அமெரிக்காவுல சபைங்க முன்னால நின்னு கொண்டு வந்த தடை 1920-ல வந்து 1933-ல போயிடுச்சு, நடுவுல கள்ளச் சரக்கு விக்கிறவன் பணக்காரனானதுதான் மிச்சம். கள்ளக்குறிச்சியில 2024 ஜூன்ல 60 பேருக்கு மேல செத்தாங்களே, தெரு முக்குல கடை இருந்தும் அதைவிட மலிவா கிடைச்ச மெத்தனால் கலந்த சாராயத்தை குடிச்சவங்க அவங்க. கடையை மூடுறதோட சேத்து அந்த வீட்டுக்குள்ள போறதுக்கும் சபையில ஆள் வேணும்.

கடைசியா ஒண்ணு. பிளம் கேக்ல ரம் ஊத்துறாங்களே, சாப்பிடலாமா? பாட்டி போடுற கிறிஸ்மஸ் ஒயின்?

வேகும்போது எல்லாம் ஆவியாயிடும்னு சொல்றது முழு உண்மை இல்ல, ஒரு மணி நேரம் வெந்தாலும் கால்வாசி நிக்கும். ஆனா ஒரு துண்டு கேக்ல இருக்குறது ரொம்ப கொஞ்சம், அதுல வெறிக்கணும்னா முழு கேக்கையும் சாப்பிடணும், அதுக்கு முன்னாடி வயிறு கெட்டுடும். குடியை விட்டவர் வீட்டுக்கு மட்டும் ரம் இல்லாத கேக் குடுங்க, கேட்டுட்டு குடுங்க. பாட்டி பரணியில (ஜாடியில) திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் கோதுமை, கிராம்பு போட்டு 21 நாள் மூடி வச்சாங்கன்னா அது ஜூஸ் இல்ல, நல்ல ஒயின்தான். அதை "சும்மா கிரேப் ஜூஸ்தான் தம்பி"ன்னு சொல்லி சின்னப் பிள்ளைக்கு ரெண்டு டம்ளர் ஊத்தாதீங்க.

ரம் இல்லாத கேக் வேணும்னா ஆரஞ்சு சாறுல பழத்தை ரெண்டு வாரம் ஃபிரிட்ஜ்ல ஊற வைங்க, எங்க வீட்டுல அப்படித்தான், ருசி ஒண்ணும் குறையல.